மனத்திலும் ஒரு பொங்குமாங்கடல்

தென்பாண்டி நாட்டின் மேற்கெல்லையில் திரிகூட மலை உயர்ந்து நிற்கின்றது. அம்மலையின் அடிவாரத்தில், தென்காசியிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், குற்றாலம் அமைந்துள்ளது. ஆனித் திங்களில் மேல்காற்று வீசத் தொடங்கியதும் அவ்வூரின் தோற்றமே மாறிவிடும். முகில்கள் மலைமுகட்டில் வந்து படியும். வெயில் காயும்பொழுதே மென்சாரல் தூவும். பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றால அருவி முதலிய அருவிகள் ஆரவாரத்தோடு இறங்கும். கடைத்தெருவில் மங்குஸ்தான் பழங்கள் குவியும். திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிப் போற்றிய இவ்வூரைக் காணத் தமிழ்நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் திரள்வர்.

சிற்றாறு மலைமேல் தேனருவியாக வீழ்ந்து, செண்பகாதேவி அருவியாகப் பாய்ந்து, இறுதியில் பேரருவியாகத் தரையை அடைகின்றது. பேரருவியை உற்று நோக்குவோர் ஒரு புதுமையைக் காண்பர். மலையுச்சியிலிருந்து புறப்படும் வெள்ளம் நேரே நம் தலைமேல் வந்து வீழ்வதில்லை. பாறையின் இடையே ஆழ்ந்த பள்ளம் ஒன்று உண்டு. வெள்ளம் முதலில் அப்பள்ளத்தில் வீழ்ந்து சுழல்கின்றது, பொங்கி எழுகின்றது, தன் வேகம் தணிந்த பின்னரே விளிம்பைக் கடந்து கீழே இறங்குகின்றது. அப்பள்ளத்தைப் பொங்குமாங்கடல் என்று அழைப்பர். அப்பள்ளம் இல்லையாயின், பேரருவியின் கீழ் நின்று நீராடுதல் எவர்க்கும் எளிதாய் இராது. முதியோரும் சிறுவரும் அருவிக்குத் தலைகொடுத்து மகிழ்கின்றனர் என்றால், இடையில் அமைந்த அப்பள்ளம் செய்யும் உதவியே அதற்குக் காரணம்.

இளமையும் ஓர் அருவியே. பதின்மூன்று அகவை முதல் பத்தொன்பது அகவை வரையுள்ள பருவத்தில் உடலில் வலிமை ஊறுகின்றது; உள்ளத்தில் ஆர்வம் பொங்குகின்றது; எதனையும் செய்து பார்க்கவேண்டும் என்னும் வேட்கை எழுகின்றது. அவ்வேட்கை தீயதன்று. அது இல்லையேல் புதியது கற்பார் இல்லை. கடல் கடப்பார் இல்லை. களம் வெல்வார் இல்லை. ஆயினும், எண்ணம் எழுந்த கணமே அது செயலாகி வீழுமாயின், அந்த வேகத்தைத் தாங்குதல் அரிது. எண்ணத்திற்கும் செயலுக்கும் இடையே, வேகம் சற்றே தணியும் ஓரிடம் வேண்டும். மனத்திலும் ஒரு பொங்குமாங்கடல் வேண்டும். அதனை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய பொருள்.

குற்றாலத்திற்கு வருவோருள் மாணவர் பலர். தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் ஐவர் அறுவராய்க் கூடி வருவர். அம்மகிழ்ச்சி அவர்தம் உரிமை. அதனைக் குறை கூறுவார் யார்? ஆனால் அவருள் சிலர் தடுப்புக் கம்பியைத் தாண்டி வழுக்குப் பாறைமேல் ஏறுகின்றனர். பாறையின் நுனியில் நின்று கைப்பேசியில் படம் எடுக்கின்றனர். ஆழம் அறியாத கசத்தில் தலைகீழாகக் குதிக்கின்றனர். வனத்துறை தடை விதித்துள்ள தேனருவிப் பகுதிக்கு மறைவழியாகச் செல்லவும் முற்படுகின்றனர். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் பழமொழியை அறியாதார் நம் நாட்டில் இல்லை. அறிந்த பழமொழியும் அருவிக்கரையில் மறந்துபோகின்றது.

நீரின் ஆற்றலை நாம் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உடைய தொட்டியில் நிறைந்த நீரின் எடை 1,000 கிலோகிராம். நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கு ஆகுமாயின், அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்கு ஆகின்றது. ஆதலின் முழங்கால் அளவே உள்ள நீரும், விரைந்து ஓடும்பொழுது, வளர்ந்த ஆடவனையும் வீழ்த்திவிடும். இனி, பாறையிலிருந்து பெயரும் ஒரு கல்லை நினைத்துப் பாருங்கள். 20 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் கல், தரையை அடையும்பொழுது மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தை அடைந்துவிடும். வெள்ளம் பெருகும்பொழுது நீர் மட்டும் வருவதில்லை; கல்லும் கட்டையும் உடன் உருண்டு வரும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைக் கடந்து நீர் வீழ்கின்றபொழுது காவலர் நீராடத் தடை விதிப்பது இதனாலேயே. நம் இன்பத்தைக் கெடுக்க எழுந்த தடை அன்று அது.

மலையருவிக்கு மற்றோர் இயல்பும் உண்டு. சமவெளியில் ஓடும் ஆற்றில் வெள்ளம் படிப்படியாக உயரும். கரையில் நிற்போர் அதனைக் கண்டு விலக நேரம் இருக்கும். செங்குத்தான மலைச்சரிவிலோ, மேலே பெய்த மழை சில நிமிடங்களில் கீழே பாய்ந்து வந்துவிடும். கீழே வானம் தெளிந்திருக்கும். மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் நிகழ்ந்ததை இவ்வட்டார மக்கள் மறவார். அது சாரற்காலம் அன்று, கோடைக்காலம். மலைமேல் பெய்த மழையால் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருக்கெடுத்தது. நீராடிக்கொண்டிருந்தோர் அலறிக் கரையேறினர். இளம் மாணவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிர் நீத்தான். அவனைக் குறை கூற எவர்க்கும் உரிமை இல்லை. எல்லாரும் நீராடும் இடத்தில் நின்றோரையே வெள்ளம் இவ்வாறு சூழுமாயின், எச்சரிக்கையை மீறி ஏறி நிற்போரின் நிலை என்னாகும்? இதனை உள்ளத்தில் கொள்வதே அவனுக்கு நாம் செய்யும் நினைவுக்கடன்.

இவ்வளவும் இளைஞர் அறியாதனவா? அறிவர். பாறை வழுக்கும் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. வகுப்பறையில் கேட்டால், குதிப்பதால் வரும் கேடுகளை அவனே வரிசையாகச் சொல்வான். அங்ஙனமாயின், அறிவுடைய பிள்ளை அருவிக்கரையில் ஏன் அறிவை மறக்கின்றான்?

இவ்வினாவிற்கு உளநூலறிஞர் விடை தேடியுள்ளனர். 2005-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு அறிஞர்களாகிய கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்னும் இருவர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். பதின்பருவத்தினர், இருபது அகவையை ஒட்டிய இளைஞர், வளர்ந்தோர் என மூன்று வகையினரைக் கணிப்பொறியில் ஊர்தி ஓட்டும் ஒரு விளையாட்டை ஆடச் செய்தனர். சிலர் தனியே ஆடினர். சிலர் தம் ஒத்த அகவையினர் சூழ்ந்திருக்க ஆடினர். வளர்ந்தோரிடம், துணைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெரிய வேறுபாடு தோன்றவில்லை. பதின்பருவத்தினரோ, துணைவர் அருகில் இருந்தபொழுது, தனித்திருந்தபொழுது ஏற்றதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இடர்களை ஏற்றனர். அப்பிள்ளைகளின் அறிவு குறைந்துவிடவில்லை. பார்ப்போர் கண்கள் கூடின. உடனே துணிச்சலும் மிகுந்தது.

மூளையின் இயல்பும் இதற்குத் துணை நிற்கின்றது. விரைவையும் புதுமையையும் விரும்பும் பகுதி பதின்பருவத்திலேயே விழித்தெழுகின்றது. பின்விளைவை எண்ணி அடக்கும் ஆற்றல் உடைய நெற்றிப்புற மூளையோ இருபத்தைந்து அகவை அளவிலேயே முழு முதிர்ச்சி அடைகின்றது. வண்டி விரைந்து ஓடத் தொடங்கிவிட்டது. தடைக்கட்டையோ இன்னும் முற்றிலும் பொருத்தப்படவில்லை. இது எவருடைய குற்றமும் அன்று, இயற்கையின் ஒழுங்கு. ஆயினும் இயற்கையை அறிந்தவன் அதற்கேற்ப நடந்துகொள்ளுதல் வேண்டும்.

அருவிக்கரையில் நிகழ்வதை நினைத்துப் பாருங்கள். நண்பர் மூவர் பாறைமேல் ஏறிவிட்டனர். நான்காமவன் கீழே நிற்கின்றான். “ஏலே, பயமா?” என்று மேலிருந்து ஒரு குரல் வருகின்றது. சிரிப்பொலி எழுகின்றது. ஒருவன் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கின்றான். அந்நேரத்தில் கீழே நிற்பவன் நீரின் விசையைக் கணக்கிடுவானா? தன் தாயை நினைப்பானா? அவன் காதில் விழுவது அந்த ஒரு சொல்லே. அதற்கு விடையாகத் தன் உடலையே கொடுக்க அவன் ஏறிவிடுகின்றான்.

ஆதலின் நாம் வற்புறுத்திக் கூற விரும்புவது இதுவே: ஏறுவதா இறங்குவதா என்னும் முடிவைப் பாறையடியில் செய்தல் ஆகாது. அங்கே மனம் கொதித்துக்கொண்டிருக்கும். கொதிக்கும் நீரில் முகம் தெரிவதில்லை. அம்முடிவை முந்தின நாள் இரவிலேயே, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, உள்ளம் அமைதியாய் இருக்கும்பொழுது செய்துகொள்ளுதல் வேண்டும். தென்காசிப் பேருந்து நிலையத்தில் இறங்கும்பொழுதே அது நெஞ்சில் உறுதியாய் இருத்தல் வேண்டும். தடுப்புக் கம்பியைத் தாண்டமாட்டேன் என்பது முன்னரே முடிந்த செய்தியாயின், “பயமா?” என்னும் கேள்வி வந்து மோதும்பொழுது புதிதாக எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. பொங்குமாங்கடல் அருவி வீழும்பொழுது தோண்டப்பட்டதன்று, முன்னரே அமைந்திருந்தது.

முன்கூட்டி எண்ணுவது எவ்வாறு? அதற்கு மூன்று கேள்விகள் போதும். முதலாவது, “பிறகு?” என்னும் சிறு சொல். ஏறுகின்றேன், பிறகு? படம் எடுக்கின்றேன், பிறகு? கால் வழுக்குகின்றது, பிறகு? இவ்வாறு மூன்று நான்கு படிகள் கேட்டுக்கொண்டே சென்றால், செயலின் முடிவு தானே கண்முன் வந்து நிற்கும். இரண்டாவது, “இதனைத் திருத்திக்கொள்ள இயலுமா?” என்பது. தேர்வில் தோற்றால் மறுமுறை எழுதலாம். பொருளை இழந்தால் மீண்டும் ஈட்டலாம். முதுகெலும்பு முறிந்தால் என் செய்வது? திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகளை இளமையில் துணிந்து செய்யலாம். அவை பாடம் கற்பிக்கும். திருத்த இயலாதவற்றில் ஆராய்ச்சி செய்தல் அறிவுடைமை ஆகாது. மூன்றாவது, “இதன் விலையை யார் கொடுப்பார்?” என்பது. தவறி வீழ்ந்தவனைத் தேடிச் சுழலில் இறங்குவோர் தீயணைப்பு வீரர்கள். அவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு. மருத்துவமனை வாயிலில் காத்துக் கிடப்போர் பெற்றோர். ஒருவன் விளையாட்டாக எடுத்த கடனைப் பலர் கூடி அடைக்க நேர்வதை அப்பொழுதே காண்கின்றோம்.

இக்கேள்விகள் அருவிக்கரைக்கு மட்டும் உரியன அல்ல. தென்காசியிலிருந்து செங்கோட்டை செல்லும் சாலையிலும், புளியரை மலைப்பாதையின் வளைவுகளிலும் இவற்றையே கேட்டுக்கொள்ளலாம். உலகெங்கும் 5 அகவை முதல் 29 அகவை வரையுள்ளோரின் இறப்புக்குத் தலையாய காரணம் சாலை விபத்தே என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்துள்ளது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். எதிரே ஆடு ஒன்று குறுக்கிடுகின்றது என்று கண் கண்டு, மூளை உணர்ந்து, கை தடையை அழுத்துவதற்குள் அத்தொலைவு போய்விடும். அதன்பின்னரே வண்டி வேகம் குறையத் தொடங்கும். நீருக்குச் சொன்ன கணக்கே இங்கும் பொருந்தும்: வேகம் இரு மடங்கானால், தடையை அழுத்திய பின் வண்டி நிற்கத் தேவைப்படும் தொலைவு நான்கு மடங்காகும். இக்கணக்கிற்கு நண்பர் என்றும் அயலார் என்றும் வேறுபாடு இல்லை.

சட்டமும் இதனை எண்ணியே அமைந்துள்ளது. கியர் உடைய இருசக்கர ஊர்தியை ஓட்டுதற்கு 18 அகவை நிரம்பியிருத்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அகவை நிரம்பாத பிள்ளை ஊர்தியை ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோரோ ஊர்தியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர்; அவர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு. அவ்வூர்தியின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். அப்பிள்ளைக்கு 25 அகவை நிரம்பும்வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. பதினைந்து அகவையில் ஒரு மாலைப்பொழுது பெற்ற இன்பத்திற்குப் பத்தாண்டுகள் விலையாகின்றன. வட்டிக்கு வட்டி வாங்கும் கடன்காரனும் இவ்வளவு கேட்பானா?

மதுவும் போதைப்பொருளும் இத்தகையனவே. “ஒருமுறைதானே” என்று தொடங்குவர். அந்த ஒருமுறைக்கு அப்பால் “பிறகு?” என்று கேட்பார் இலர். கைப்பேசியில் பிறரை இகழ்ந்து அனுப்பும் செய்தியும், நாணத்தக்க படமும் இவ்வகையைச் சேர்ந்தனவே. கையை விட்டுப் போன கல்லைப்போல் அவையும் மீள்வதில்லை. ஒரு நொடியில் அனுப்பியதை ஊரெல்லாம் பார்த்துவிடும். திருத்த இயலுமா என்னும் இரண்டாம் கேள்வியை விரல் அழுத்துமுன் கேட்டிருந்தால் எத்தனை குடும்பங்கள் கண்ணீர் சிந்தாதிருக்கும்!

இங்ஙனம் கூறினால், இளைஞரைக் கோழைகள் ஆக்குகின்றீர்களா என்று சிலர் வினவக்கூடும். அவ்வினா தக்கதே. துணிவில்லாத நாடு தலைநிமிராது. ஆனால் துணிவு எது, துடுக்கு எது என்று பகுத்தறிதல் வேண்டும். நம் நெல்லை நாட்டுப் பனையேறியைப் பாருங்கள். வானளாவிய பனையில் நாள்தோறும் காலையும் மாலையும் ஏறி இறங்குவது அவர் தொழில். அவரைவிடத் துணிந்தவர் யார்? அத்தகையவர் மரத்தில் கை வைக்குமுன் காலில் இடும் தளைநாரை இழுத்துப் பார்க்கின்றார். இடைக்கயிற்றின் முடிச்சை ஆராய்கின்றார். மழை பெய்து மரம் வழுக்கினால் காத்திருக்கின்றார். அவரைக் கோழை என்று எவரேனும் கூறுவரா? அவர் ஏறுவது குடும்பத்தின் அடுப்பு எரிவதற்காக. கைதட்டல் பெறுவதற்காக அவர் ஏறுவதில்லை. ஆதலின் அவர்க்கு இறங்கி வருவதும் ஏறுவதைப்போலவே முதன்மையானது.

இமயத்தின் உச்சியை அடைந்த டென்சிங்கின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1952-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவரும், சுவிட்சர்லாந்து நாட்டினராகிய இலாம்பர்ட்டும் எவரெஸ்டு மலையில் ஏறத்தாழ 8,600 மீட்டர் உயரம் வரை சென்றனர். அதற்குமுன் மலையேறியவராய் அறியப்பட்ட எவரினும் அவர்கள் உயரத்தில் நின்றனர். இன்னும் 250 மீட்டர் உயரமே எஞ்சியிருந்தது. உடல் தளர்ந்தது, உயிர்வளிக் கருவி சரியாக உதவவில்லை. மேலே சென்றால் உச்சியை அடையலாம். ஆனால் உயிரோடு திரும்புதல் இயலாது என்று இருவரும் உணர்ந்தனர். திரும்பினர். உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் திரும்பி நடக்க எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! அன்று திரும்பியதனால்தான், 1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் இல்லரியோடு சென்று டென்சிங் எவரெஸ்டின் உச்சியில் கால் பதித்தார். திரும்பத் தெரிந்தவர்க்கே மறுமுறை ஏறும் வாய்ப்பு உண்டு. ஒரு செயலில் இறங்குமுன் அதன் வழியையும் முடிவையும் ஆராய வேண்டும் என்பதற்காகவே திருவள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். செயலைத் தடுத்தல் அவர் நோக்கம் அன்று. அதனை நிறைவேறச் செய்தலே அவர் நோக்கம்.

இவ்விடத்தில் பெரியோர்க்கும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். “செய்யாதே” என்னும் சொல்லையே நாம் பிள்ளைகளிடம் மிகுதியாகச் சொல்கின்றோம். காரணம் கூறாத தடை ஆவலையே வளர்க்கும். தலைக்கவசம் அணியாத தந்தை, மகனுக்கு வேகத்தின் கேட்டினை எடுத்துரைத்தால் அது செவியில் ஏறுமா? பதினைந்து அகவைப் பிள்ளையின் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்துப் பெருமை கொள்ளும் பெற்றோர், பின்னர் விதியை நொந்துகொள்வதில் பயன் என்ன? எச்சரிக்கைப் பலகையை நட்டுவிட்டோம், கடமை முடிந்தது என்று அலுவலரும் எண்ணுதல் ஆகாது. பலகை பாறையடியில் நிற்கின்றது. முடிவோ அதற்கு முன்னரே பிள்ளையின் நெஞ்சில் நிகழவேண்டும்.

ஆதலின் சுற்றுலா செல்லுமுன் ஆசிரியர் மாணவரோடு அமர்ந்து உரையாடுதல் நன்று. “நண்பன் கம்பியைத் தாண்டினால் நீ என்ன செய்வாய்? காவலர் ஊதல் ஒலித்தால் எப்பக்கம் ஓடுவாய்? உன்னைக் கோழை என்று ஒருவன் கூறினால் என்ன விடை அளிப்பாய்?” என்று முன்னரே கேட்டு, விடையை அவர்கள் வாயாலேயே வரச்செய்தல் வேண்டும். தானே சொன்ன விடையைப் பிள்ளை எளிதில் மறப்பதில்லை. வீட்டிலும் தாய் தந்தையர் அச்சுறுத்தாமல், “பிறகு?” என்று கேட்டுப் பழக்குதல் வேண்டும். தவறு நேர்ந்தால் முதலில் நம்மிடமே வந்து சொல்லலாம் என்னும் நம்பிக்கையையும் அளித்தல் வேண்டும். அடிக்கு அஞ்சி ஒரு சிறு தவற்றை மறைக்கும் பிள்ளை, பெருந்தவற்றில் தனியே அகப்பட்டுக்கொள்கின்றான்.

மாணவர்க்குரிய கடமை ஒன்றும் இங்கு உண்டு. துணைவர் சூழ்ந்திருத்தல் துடுக்கை வளர்க்கும் என்று மேலே கண்டோம். அத்துணையே காவலாகவும் அமையக்கூடும். ஐவர் செல்லும் கூட்டத்தில் ஒருவன், “வேண்டாம், திரும்புவோம்” என்று அமைதியாகச் சொன்னால் போதும். அச்சொல்லுக்காக உள்ளூரக் காத்திருப்போர் அக்கூட்டத்திலேயே இருவர் மூவர் இருப்பர். முதலில் சொல்லத் துணிபவனே உண்மையான நண்பன். பாறைமேல் ஏறுதற்கு வேண்டிய துணிவினும், அவ்வொரு சொல்லைச் சொல்லுதற்கு மிகுதியான துணிவு வேண்டும். கூடி வந்தோம், கூடியே திரும்புவோம் என்பதே நட்பின் உடன்படிக்கை ஆகட்டும்.

முன்னெண்ணம் என்பது முதியோர்க்கே உரியது, அது இளமையின் களிப்பைக் கெடுக்கும் என்று எண்ணுவோர் தென்காசியில் விண்ணை நோக்கி நிற்கும் காசிவிசுவநாதர் கோயிலைப் பார்த்தல் வேண்டும். 15-ஆம் நூற்றாண்டில் அக்கோயிலை எடுப்பித்தவன் பராக்கிரம பாண்டியன். அவன் வெட்டுவித்த கல்வெட்டில் வியத்தற்குரிய ஒரு வேண்டுகோள் காணப்படுகின்றது. இத்திருப்பணி பிற்காலத்தில் பழுதுபடக்கூடும் என்றும், அப்பொழுது அதனைச் செப்பனிட்டுக் காப்போரின் அடிகளைத் தான் பணிவதாகவும் அம்மன்னன் உரைத்துள்ளான். முடிமன்னன் ஒருவன், இன்னும் பிறவாதார் திருவடியில் தலைதாழ்த்துகின்றான்! பெரும்பணியில் ஈடுபட்டிருந்த காலத்திலேயே, அது சிதையும் நாளையும் அவன் எண்ணினான். அவ்வெண்ணம் அவன் கையைத் தளரச் செய்ததா? இல்லை. கோயிலும் எழுந்தது, வேண்டுகோளும் நின்றது. அவன் எண்ணியவாறே கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்றது. பின்வந்தோர் அதனைப் புதுப்பித்தனர். 1990-ஆம் ஆண்டில் குடமுழுக்கும் நடைபெற்றது. நூற்றாண்டுகளுக்கு அப்பாலும் “பிறகு?” என்று கேட்டுப் பார்த்த மன்னனின் கோபுரம் இன்றும் நம் கண்முன் நிற்கின்றது.

மாணவர்களே! நீங்கள் எழுப்பவேண்டிய கோபுரம் உங்கள் வாழ்வே. அதற்குக் கால்கோள் செய்யும் பருவம் இது. குற்றாலத்திற்குச் செல்லுங்கள், சாரலில் நனையுங்கள், அருவியில் ஆடி மகிழுங்கள். மலையேறக் கற்றுக்கொள்ளுங்கள், நீந்தப் பயிலுங்கள், தக்க துணையோடும் கருவியோடும் அரிய செயல்களில் இறங்குங்கள். ஆனால், ஒவ்வொரு முறையும் புறப்படுமுன், மூன்று கேள்விகளையும் கேட்டு விடை கண்டு செல்லுங்கள். மாலையில் வீட்டு வாயிலில் உங்கள் காலடி ஓசைக்குக் காது கொடுத்துக் காத்திருப்போர் உண்டு. அவர்கள் எதிர்பார்ப்பது நீங்கள் எடுத்த படத்தை அன்று, உங்களையே.